பழைய டாடா 1210 லாரி: டீசல் அளவைக் குறைப்பதா, டைமிங்கைப் பார்ப்பதா?

கேள்வி

அப்பா வாங்கிய டாடா 1210 லாரியை, 697 இன்ஜினுடன், நாமக்கல்லில் வைத்து இன்றும் ஓட்டிவருகிறேன். 7 டன் பாரத்துடன் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்த வண்டி, ஓராண்டாக 3-ஐத் தாண்டவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெகுநேரம் வெண்புகை வருகிறது. இன்ஜினுக்கு டீசல் செலுத்தும் பம்ப்பில் அளவைக் குறைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். இழுவை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். இந்த இன்ஜினை மாற்ற எனக்கு மனமில்லை.

பதில் 1

ஐயா, தயவுசெய்து இப்போதைக்குப் பம்ப்பின் ஸ்குரூவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். உள்ளே போகும் டீசல் சரியாக எரியாதபோது அதன் அளவைக் குறைத்தால், இழுவை குறைந்து, ஏற்றத்தில் ஒரு கியர் கீழே இறங்கி ஓட்ட வேண்டிவரும். மிச்சம் ஒன்றும் இராது.

முதலில் ஸ்பில் டைமிங்கை, அதாவது பம்ப் டீசலைப் பீய்ச்சத் தொடங்கும் நேரத்தை, பார்க்கச் சொல்லுங்கள். முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பம்ப்பில் அதற்குரிய டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, அங்கே வளைந்த குழாயைப் பொருத்தி, கைப்பம்ப்பை அடித்துக்கொண்டே இன்ஜினை ஓடும் திசையில் மெல்லத் திருப்பினால், வழியும் டீசல் சொட்டுச் சொட்டாகி நிற்கும். டீசல் பீய்ச்சத் தொடங்கும் இடம் அதுதான். அது கையேட்டில் உள்ள டிகிரியைவிடப் பிந்தியிருந்தால், பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் சைலன்சர் வழியே வெளியேறுகிறது என்று பொருள். பழைய பம்ப்புகளில் தேய்மானத்தால் டைமிங் பிந்துவது வழக்கம். அதற்காக அளவுக்கு மீறி முன்னே தள்ளிவிடவும் கூடாது, இன்ஜின் தட்டும்.

சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் 6 நாசில்களையும் கழற்றி டெஸ்டரில் அடித்துப் பாருங்கள். புகைபோலத் தூவாமல் நுனியில் ஒழுகும் ஒரே ஒரு நாசில் போதும், கரும்புகைக்கு. திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னவற்றுடன், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்த வண்டிகள் பல. அது இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரமாகும். அதுவரை டீசல் முழுதாக எரியாது. ஏர் ஃபில்டரின் ஆயிலை மாற்றிவிடுங்கள். சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டைமிங் பிந்தியிருந்தது, 2 நாசில்கள் ஒழுகின, தெர்மோஸ்டாட் இருக்கவே இல்லை. மூன்றையும் சரிசெய்தபின், டேங்க்கை நிரப்பி, அதே பாரத்துடன் ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டதில் 3.7 கிடைத்தது. வெண்புகை நின்றுவிட்டது, ஏற்றத்தில் மட்டும் சிறிது கரும்புகை உள்ளது.

பதில் 1

இனிப் பம்ப்பைக் கழற்றலாம். 6 லைன்களும் ஒரே அளவில் டீசல் தருகின்றனவா என்று பெஞ்சில் வைத்துக் கலிபரேஷன் செய்யச் சொல்லுங்கள்; அந்த அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.