புதுப்பிப்பு: வெள்ளவத்தை வீட்டுத் தடாகத்துப் பாசி

மழை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டு நீச்சல் தடாகம் திரும்பத் திரும்பப் பச்சையாகிறது, பாசிக்கு உணவாகும் பொஸ்பேட்டை நீக்கும் மருந்து ஊற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அடியிலுள்ள டைல்ஸ் கோடு வரை தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சயனூரிக் அமிலம், அதாவது வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள், எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள் என்று அண்ணா ஒருவர் சொன்னார். அதுதான் விஷயம். நாங்கள் போட்டுவந்த ட்ரைக்குளோர் என்ற குளோரின் வில்லை கரையக் கரைய அந்த அமிலமும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும். அது கூடினால், வழக்கமான அளவு குளோரின் இருந்தாலும் பாசியைக் கொல்லும் வலு குறைந்துவிடும். பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டு, திரவக் குளோரினுக்கு மாறினோம். மாமர நிழல் விழும் பக்கச் சுவர் தொட்டால் வழுவழுவென்று இருந்தது. அதைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்தோம். தேய்க்காவிட்டால் படலத்துக்குள் குளோரின் சரியாக இறங்காது.

பொஸ்பேட் மருந்தைக் கடைசியில்தான் ஊற்றினோம். பாசி சாகும்போதும் பொஸ்பேட் தண்ணீரில் கலக்கும், அதனால் முதலே ஊற்றுவது காசுக்குக் கேடு. மருந்திலுள்ள லாந்தனம் பொஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகும், தண்ணீர் பால் மாதிரிக் கலங்கும். பயப்பட வேண்டாம், ஃபில்டர் அதைப் பிடித்ததும் பேக்வாஷ் செய்தால், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி ஃபில்டரைக் கழுவினால், சரி. அப்புறம், பொஸ்பேட் உள்ள பூச்செடி உரம் மழையோடு வழிந்து வராமல் கரையில் சின்னக் கட்டு ஒன்று கட்டப்போகிறோம்.