பீப்பிங் டாம் (1960): எந்த டிஸ்க் வாங்கலாம்?

இருட்டறை:
மைக்கேல் பவல் இயக்கிய ‘பீப்பிங் டாம்’ படத்தை டிஸ்க்கில் வாங்கணும். இங்கிலாந்தில் ஸ்டுடியோகனால், அமெரிக்காவில் கிரைட்டீரியன், ரெண்டு டிஸ்க் நிறுவனமுமே 2024-ல் 4கே (ப்ளூரேயை விடத் துல்லியமான டிஸ்க்) விட்டிருக்காங்க. பிளேயர் இந்தியாவில் வாங்கிய பிஎஸ்5 கேம் கன்சோல். எது ஓடும்? இன்னொண்ணு: பழைய இங்கிலாந்து டிவிடி 97 நிமிஷம்தான் காட்டுது, படம் 101 நிமிஷம். வெட்டியிருக்காங்களா?

ரீல்பெட்டி:
4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு, அதாவது ஒரு பகுதி டிஸ்க் வேற பகுதி பிளேயர்ல ஓடாம தடுக்கிற பூட்டு, கிடையாது. எந்த நாட்டுல வாங்கினாலும் ஓடும். மாட்டிக்கிறது கூடவே வர்ற ப்ளூரேயில்தான்: அமெரிக்கா ரீஜன் ஏ, இங்கிலாந்து பி, நம்ம பிளேயர் சி. கிரைட்டீரியன் பெட்டிகள்ல பேட்டி, ஆவணப்படமெல்லாம் பொதுவா ப்ளூரேயிலதான் இருக்கும். அதைப் பார்க்க ரீஜன் திறந்த பிளேயர் வேணும். வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டுற முறைகள்ல டால்பி விஷன் பிஎஸ்5-ல் வராது, அடிப்படை முறையான எச்டிஆர்10-ஆ ஓடும். அதுவே போதும்.

நான் கிரைட்டீரியன் பக்கம்தான். சினிமா ஆய்வாளர் லாரா மல்வி படம் ஓட ஓடப் பேசுற வர்ணனை அதுல இருக்கு. சினிமாவில் பார்வை யாருடையதுன்னு 1975-லயே கேட்டவர். இந்தப் படத்தைப் பேச அவரை விடப் பொருத்தமான ஆள் இல்லை.

பழையபிரிண்ட்:
வெட்டு இல்லை, அது பால் (PAL) வேகம், இங்கிலாந்தின் பழைய டிவி முறை. நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்ததை 25-ல் ஓட்டுறாங்க. 101 × 24 ÷ 25 போட்டுப் பாருங்க, 97 வரும். நேரம் குறைஞ்சாப் பரவாயில்லை, சுருதியும் ஏறிடுது, அரை ஸ்வரத்துல முக்கால் பங்கு அளவுக்கு. நாயகன் மார்க்கா நடிச்ச கார்ல் பேம் அடித்தொண்டையில தயங்கித் தயங்கிப் பேசுறதுதான் அந்தக் கதாபாத்திரத்தின் உயிரே. அது மெலிஞ்சு போகுது. அந்த டிவிடியை விட்டுடுங்க.

கறுப்புப்பட்டை:
டிஸ்க்கோட வேலை முடியாது, டிவியையும் சரி பண்ணணும். படம் 1.66:1, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு, டிவி திரையை விடக் குறுகல். 4கே திரையில இடம், வலம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 127 பிக்சல் கறுப்பா நிக்கணும். நிக்கலைன்னா டிவி படத்தை இழுக்குது, இல்ல ஓரத்தை வெட்டுது, ஓரத்தை வெட்டுற ஓவர்ஸ்கேன் அமைப்பை அணைங்க. ஜூம் பண்ணவே வேணாம், மேலும் கீழும் போயிடும். ஆரம்பக் காட்சியே கேமரா வ்யூஃபைண்டர் வழியாத்தான். அந்தச் சட்டகத்தின் கச்சிதம் கெட்டுடும்.

அடுத்தது டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் (புள்ளிகளை அழிக்கிறது), மோஷன் ஸ்மூத்திங் (அசைவை வழவழப்பாக்குறது). ரெண்டையும் சுத்தமா அணைங்க. மார்க் புரொஜெக்டர்ல போட்டுப் பார்க்கிற கறுப்பு வெள்ளைத் துண்டுகள்ல கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடிப்புள்ளி, தடிப்பா இருக்கும், இருக்கணும். அதை அழிச்சா முகம் மெழுகுபொம்மை மாதிரி ஆயிடும்.

நிறத்துக்கு டிவியில ஃபிலிம்மேக்கர் மோட் (படத்தை எடுத்தபடியே காட்டுற அமைப்பு) வெச்சுட்டு ரெண்டு இடத்தைப் பாருங்க. குப்பைத்தொட்டியில் விழுற கோடாக் பெட்டி நல்ல மஞ்சளா தெரியணும். ஃபிலிம் கழுவுற இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்துல முகத்தின் மேடுபள்ளம் தெரியணும். ஒரே சிவப்பு அப்பலா நின்னா கலர் அளவைக் குறைங்க. பழைய ஈஸ்ட்மன்கலர் (கோடாக்கின் கலர் ஃபிலிம்) பிரிண்ட்கள்ல சயன் (நீலப்பச்சை) சாயம் வெளிறி எல்லாமே செம்மையடிச்சுக் கிடக்கும். ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லர் பச்சையும் சிவப்பும் எதிரெதிரா வெச்சு ஒளியமைச்சது இந்த 4கே-லதான் துலங்குது.