லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்: போட்டோ எடிட்டிங்குக்கு எதில் முதலில் காசைப் போடுவது?

அரைநிழல்:
24 மெகாபிக்சல் ரா ஃபைல்கள் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்), ஒரு வேலைக்கு 600 முதல் 800 வரை வரும். லைட்ரூம் கிளாசிக்தான் அதிகம், போட்டோஷாப் கொஞ்சம். இப்போது இருப்பது 16 ஜிபி ராம் லேப்டாப். எக்ஸ்போர்ட் போட்டால் முதல் 50 படம் விறுவிறுவென்று போகிறது, அப்புறம் நொண்டுகிறது. நாலைந்து மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தத் தேர்ந்தெடுப்பது) போட்டுவிட்டால் பிரஷ் கைக்குப் பின்னால்தான் வருகிறது. டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வதென்றால் எதற்கு முதலிடம்? பழைய கேட்டலாக்கை (லைட்ரூம் திருத்தங்களைப் பதிந்து வைக்கும் ஃபைல்) எப்படிக் கொண்டுபோவது?

கறுப்புப்பெட்டி:
50 படத்துக்குப் பிறகு நொண்டுவது பெரும்பாலும் சூட்டினால். பிராசஸர் சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் நல்ல கூலர் போட்டாலே இது தீரும்.

பிராசஸரில் 8 கோர் போதும். ஸ்லைடரை இழுக்கும்போது ஒவ்வொரு கோரின் வேகம்தான் பேசும். அதிக கோர்கள் எக்ஸ்போர்ட்டுக்கும் பிரிவியூ (திரையில் காட்டும் முன்னோட்டப் படம்) கட்டவும்தான் உதவும். ராம் 32 ஜிபி, 16 ஜிபி குச்சி இரண்டாக. ஒரே குச்சியாகப் போட்டால் பாதி வழி அடைபட்ட மாதிரி. உங்கள் படம் 16 பிட்டில் போட்டோஷாப்பில் ஒரு லேயருக்கே சுமார் 144 எம்பி. பத்து லேயர், ஹிஸ்டரி எல்லாம் சேர்ந்தால் 16 ஜிபி எங்கே போகிறது என்று புரியும்.

கிராபிக்ஸ் கார்டு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கூர்மைபோதும்:
அந்தக் கடைசி வரி மட்டும் இடிக்கிறது. ஏஐ டீநாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவது) முழுக்க முழுக்க கிராபிக்ஸ் கார்டின் வேலை. மாஸ்க்கிலும் அதன் பங்கு பெரியது. இருட்டில் எடுக்கும் படம் நிறைய இருந்தால் 8 ஜிபி மெமரி உள்ள கார்டு வாங்குங்கள். டீநாய்ஸே தொடமாட்டீர்கள் என்றால் அவர் சொன்னதுதான் சரி.

அசெம்பிள் செய்தபின் பார்க்க வேண்டியவை: மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. இரண்டு ராம் குச்சிகளும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் (நான்கு ஸ்லாட் போர்டுகளில் வழக்கமாக அதுதான், மேனுவலையும் ஒரு தடவை பாருங்கள்). பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரை) ராமின் வேக செட்டிங்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்யாவிட்டால், பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ராம் ஓடாது.

கேட்டலாக், பிரிவியூ, நடப்பு வேலை மூன்றும் என்விஎம்இ எஸ்எஸ்டியில் (வேகமான சேமிப்பு டிரைவ்). முடிந்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கட்டும், எடிட் வேகம் பெரிதாகக் குறையாது.

மானிட்டருக்குத் தனியாக ஒதுக்குங்கள்: ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற வரம்பு) முழுதாக. வாங்கியவுடன் இருக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசும். அதில் எடிட் செய்தால் பிரிண்ட் இருண்டு வரும். 100 முதல் 120 நிட்ஸுக்கு (வெளிச்ச அளவு) இறக்கி, காலிபரேட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வைத்துப் புது புரொஃபைல் (அந்தத் திரைக்கான நிறத் திருத்த ஃபைல்) எடுங்கள். லேப்டாப் புரொஃபைலைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள், அது அந்தத் திரைக்கானது. எச்டிஎம்ஐயில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் டிரைவரில் ரேஞ்சை ‘ஃபுல்’ ஆக்குங்கள்.

தொகுப்பறை:
கேட்டலாக் விஷயம். லைட்ரூமை மூடிவிட்டு, எல்ஆர்கேட் ஃபைலை (கேட்டலாக் ஃபைல் இதுதான்) மட்டும் எடுக்காமல் அந்த ஃபோல்டரையே காப்பி செய்யுங்கள். பக்கத்தில் ‘எல்ஆர்கேட்-டேட்டா’ என்று ஒன்று இருக்கும். ஏஐ மாஸ்க் விவரங்கள் அதில்தான். பலர் விட்டுவிட்டு வருவது அதைத்தான்.

படங்களின் ஃபோல்டர் அடுக்கை மாற்றாமல் அப்படியே கொண்டுபோங்கள். டிரைவ் எழுத்து மாறினால் ஃபோல்டர் மேல் கேள்விக்குறி வரும். பதறிப்போய் மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டாம். மேலே உள்ள தாய் ஃபோல்டரில் ரைட் கிளிக், ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’, புது இடத்தைக் காட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே வந்துவிடும். பிரிசெட்டுகள் (சேமித்து வைத்த எடிட் செட்டிங்குகள்) வழக்கமாகக் கேட்டலாக்கோடு வராது, தனியாக எடுக்க வேண்டும்.

அடோபி கணக்கை இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்து வைக்கலாம். அதனால் லேப்டாப்பை உடனே ஃபார்மட் செய்யத் தேவையில்லை.

அரைநிழல்:
டீநாய்ஸ் நிறைய உண்டு, அப்போ கார்டும் சேர்த்துத்தான். 64 ஜிபி ராம் வீணா?

கறுப்புப்பெட்டி:
பனோரமா, எச்டிஆர் ஒட்டு வேலை (பல படங்களை ஒன்றாக்குவது) அடிக்கடி இல்லையென்றால் வீண். நான்கு ஸ்லாட் போர்டு வாங்கி இரண்டைக் காலியாக விட்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் டிடிஆர்5 வகை ராமில் நான்கு குச்சி போட்டால் வேகம் இறங்க வாய்ப்பு அதிகம், அதையும் மனதில் வையுங்கள்.