ஊர்ப் பள்ளிக்கு ராணுவ வீரர் பெயர்: வைக்கலாமா, வேண்டாமா?

கரிசல்காட்டான்:
வணக்கம் மக்களே. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பி, பெயின்ட் கூட அடித்தாயிற்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் காஷ்மீரில் பனிச்சரிவில் இறந்துபோன எங்கள் ஊர்ப் பையன் பெயரை அதற்கு வைக்கச் சொல்லி ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். அதே பள்ளியில் எட்டாவது வரை படித்தவன், எனக்கு நான்கு வயது இளையவன். ஊரில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், மீதிப் பேர் வாயே திறக்கவில்லை. பாலம்பூரில் அரசுக் கல்லூரிக்கு கேப்டன் விக்ரம் பத்ரா பெயர் இருக்கிறது, லக்னோவில் சைனிக் பள்ளிக்கு கேப்டன் மனோஜ் குமார் பாண்டே பெயர், அந்தமானில் 2023 ஜனவரியில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வாங்கியவர்கள் பெயரை வைத்தார்கள். நாம் மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்?

கணக்குப்பிள்ளை:
விருதுநகர்க்காரர் நீங்களே இப்படிக் கேட்டால் எப்படி அண்ணே, 1997 மறந்துவிட்டதா? கட்டபொம்மன் பெயரில் நெல்லையில் வருடக்கணக்காக பஸ் ஓடியது, எல்லோரும்தான் ஏறிப் போனார்கள். அதே கட்டபொம்மன் படையில் நின்று 1799இல் உயிரை விட்ட வீரன் சுந்தரலிங்கம் பெயரை உங்கள் பக்கத்துப் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோதுதான் பிரச்சினை. அவர் பிறந்த சாதியைச் சொல்லி, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். கலவரம், உயிர்ப்பலி எல்லாம் நடந்து, கடைசியில் அரசு மாவட்டங்களில் இருந்தும் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் மொத்தமாக எடுத்தது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனதும் அப்போதுதான். வீரன் என்று பெயரிலேயே இருந்தும் அவருக்கே அந்தக் கதி. உங்கள் ஊரில் வாய் திறக்காதவர்கள் எந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

கரிசல்காட்டான்:
பையன் கிழக்குத் தெரு. பேசாதவர்கள் மேற்குத் தெரு. போதுமா?

கணக்குப்பிள்ளை:
போதும். அந்தப் பிள்ளையை நிம்மதியாக இருக்க விடுங்கள். பெயர்ப் பலகையில் ஒரு நாள் ராத்திரி யாராவது சாணி அடித்தால் முதலில் சாகப்போவது அவன் அம்மாதான்.

பழைய ஹவில்தார்:
கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருடம் இருந்தவன். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் இருந்த முகாம் மேல் பனிமலை இடிந்து விழுந்தது, 19,600 அடி உயரம். ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பாவை மட்டும் உயிரோடு தோண்டி எடுத்தார்கள், அவரும் பிழைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் அதில். கன்னடக்காரன், தெலுங்குக்காரன், மலையாளி, நம் ஆள் எல்லோரும் ஒரே அடுப்பில் பனிக்கட்டியை உருக்கித்தான் அங்கே தண்ணீர் குடிக்க வேண்டும், அதில் கிழக்குத் தெரு எது மேற்குத் தெரு எது? 1997இல் தப்பு செய்தது பெயர் வைத்தவர்களா, பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றவர்களா? ஏற மாட்டேன் என்றவன் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. இப்போதும் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டே இருக்கச் சொல்கிறீர்களா? மேற்குத் தெருப் பிள்ளைகள் தினமும் அந்தப் பெயரை வாசித்துக்கொண்டு உள்ளே போகட்டும், அதற்காகவே வைக்க வேண்டும் என்பேன்.

சித்ரா டீச்சர்:
ஹவில்தார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் அரசுப் பள்ளியில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். முன்பு இருந்த பள்ளியில் ஒரு கூடத்துக்கு இப்படித்தான் ஒரு ஜவான் பெயர் வைத்தார்கள். கறுப்பு கிரானைட் கல், தங்க எழுத்து. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், வரவேற்றவர், நன்றி கூறியவர், ஒப்பந்தக்காரர் வரைக்கும் மொத்தம் 14 பெயர். யாருக்காகக் கட்டினார்களோ அவர் பெயர் மேலே ஒரே வரி, அதிலும் இனிஷியல் தப்பு. அந்த அம்மா ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் கொடியேற்ற வருவார்கள், மிட்டாய் வாங்கிக்கொள்வார்கள், போகும்போது அந்தத் தப்பு எழுத்தை விரலால் ஒரு முறை தடவிவிட்டுப் போவார்கள். திருத்துங்கள் என்று நான் மூன்று தலைமையாசிரியர்களிடம் கேட்டேன், கல்லை எடுத்தால் அமைச்சர் பெயரும் போய்விடும் என்று யாரும் கை வைக்கவில்லை. பிள்ளைகள் அதை "டிவி ரூம்" என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே ஒரு டிவி இருந்தது.

கணக்குப்பிள்ளை:
டீச்சர் சொன்னதுதான் நடைமுறை. 2020இல் சென்னையில் மூன்று மெட்ரோ நிலையங்களுக்குத் தலைவர்கள் பெயரைச் சேர்த்தார்கள். இன்றைக்கும் ஜனங்கள் சென்ட்ரல், ஆலந்தூர், கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு என்றுதானே டிக்கெட் கேட்கிறார்கள்? முதலமைச்சர்கள் பெயரே வாயில் நுழையவில்லை.

சாலிகிராமத்துக்காரன்:
நானும் ஒன்று சொல்கிறேன். ஆற்காடு சாலையில் பரமேஸ்வரன் விஹார் என்று ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. பரமேஸ்வரன் யார் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, ஏதோ சாமி பெயர் என்றே நினைக்கிறார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 8 மஹார் பட்டாலியன், 1987 நவம்பர் 25இல் யாழ்ப்பாணத்தில் சண்டையில் செத்தவர், பரம்வீர் சக்ரா. பெயர் வைத்தும் இந்த லட்சணம்தான்.

வடமராட்சி:
அண்ணை, தெரியாமல் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அவர் இருந்த இந்திய அமைதிப்படை எங்கட ஊர்களில் என்ன செய்தது என்று எங்கட சனத்திடம் கேட்டுப் பாருங்கோ. 1990 மார்ச்சில் அது சென்னைக்குத் திரும்பியபோது உங்கட முதலமைச்சரே வரவேற்கப் போகவில்லை. செத்தவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரை வைத்தால் அந்தச் சண்டையும் சேர்ந்துதான் வரும், அதையும் யோசியுங்கோ.

பழைய ஹவில்தார்:
தம்பி வடமராட்சி, உங்கள் வலி எனக்குப் புரிகிறது, அதற்கு இங்கே பதில் சொல்லத் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கரிசல்காட்டான் சொல்கிற பையன் யாரையும் சுடவில்லை, பனியில் புதைந்து செத்தவன்.

கணக்குப்பிள்ளை:
அதையும் கேட்பார்கள் ஐயா. சண்டையில் சாகவில்லையே, அப்புறம் என்ன வீரமரணம் என்பார்கள்.

பழைய ஹவில்தார்:
கேட்பவனை ஜனவரி மாதம் ஒரு ராத்திரி அங்கே நிற்கச் சொல்லுங்கள். ஒண்ணுக்குப் போகக் கூட இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போன இடம் அது. வாயில் வந்ததைப் பேசாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் அப்படிச் சொல்லவில்லை, மேற்குத் தெரு சொல்லும் என்றேன். கோபப்படாதீர்கள்.

செங்கத்தான்:
சண்டை நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் செங்கம் பக்கம் காட்டிலும் வயல் வரப்பிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. அதில் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் மாட்டை யார் கவர வந்தான், மீட்கப் போய் விழுந்தவன் இன்னாருடைய சேவகன் இன்னான், இவ்வளவும் ஏழெட்டு வரியில் வெட்டியிருக்கும். எடுத்தனூரில் ஒரு நாய்க்கும் சேர்த்துக் கல் உண்டு, கோவிவன் என்று பெயர், திருடர் இருவரைக் கடித்து நின்றது என்று எழுதியிருக்கிறது. 1,400 வருடம் ஆகப்போகிறது, அந்த நாய் என்ன செய்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. டீச்சர் பள்ளி ஜவான் என்ன செய்தார் என்று அந்தக் கிரானைட்டில் இருந்ததா? பள்ளிக்குப் பெயர் வைக்கிறீர்களோ இல்லையோ, முதலில் அவன் செய்ததை எழுதுங்கள்.

சித்ரா டீச்சர்:
இல்லை சார். செய்தது ஒரு வரி கூட இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
இது வேண்டுமானால் சரி. கல் வையுங்கள், கட்டடத்துக்குப் பெயர் வேண்டாம். பெயர் என்றால் அரசாணை, சிபாரிசு, விழா, ஃப்ளெக்ஸ் எல்லாம் பின்னாலேயே வரும்.

பழைய ஹவில்தார்:
கல்லும் வேண்டும், பெயரும் வேண்டும். ஓரமாக ஒரு கல்லை நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பார்க்காதீர்கள். கிழக்குத் தெருக்காரன் பெயர் வாசலுக்கு மேலே இருக்கக் கூடாது, சுவர் ஓரமாக இருக்கலாம் என்றால் அதுவும் மேற்குத் தெரு தீர்ப்புதானே?

கணக்குப்பிள்ளை:
இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

கரிசல்காட்டான்:
மன்னிக்கவும், பத்து நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. கிராம சபை முடிந்தது. தீர்மானம் வாசித்ததும் மேற்குத் தெருவில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார், எல்லோருக்கும் பக்கென்றது. "அவன் எங்க வீட்டு மாடு கிணத்துல விழுந்தப்ப உள்ள இறங்குன பய" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆதரவா எதிர்ப்பா என்று யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எதிர்த்து யாரும் கை தூக்கவில்லை. எட்டுப் பேர் மட்டும் கையெழுத்துப் போடாமல் போனார்கள். தீர்மானம் மேலே போயிருக்கிறது, அனுமதி எப்போது வரும் என்று தெரியாது. அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பெயர் வைப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் ஜன்னல் ஓரம்தான் உட்காருவான், பழைய கட்டடத்தை இடித்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்கள். செங்கத்தான் சொன்ன மாதிரி ஏழு வரி எழுதி வைத்திருக்கிறேன், கிணற்று மாட்டையும் சேர்த்தாயிற்று, இனிஷியலை ஆதார் அட்டையோடு ஒத்துப் பார்த்தாயிற்று. கல்வெட்டுக்காரர் எழுத்துக் கணக்கில்தான் கூலி கேட்கிறார், அதோடு ஒரு சந்தேகமும் கேட்டார்: "திறந்து வைக்கிறவர் பேரு வருமா? அதைச் சொன்னாத்தான் கல்லு எவ்வளவு பெருசுன்னு நான் பார்க்க முடியும்." வராது என்று சொல்லிவிட்டேன், தலைவருக்கு இன்னும் தெரியாது.