லாம்டா போட்டும் எல்லா பட்டனும் ஒரே குளத்தைத்தான் காட்டுது

குளக்கட்டு:
அண்ணாமார், அக்காமார், கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன், ஒரு உதவி. எங்கள் கமக்காரர் அமைப்புக்குப் பைதனில் ஒரு சின்னச் செய்நிரல் எழுதுகிறேன். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று நான்கு பட்டன், அமத்தினால் அந்தக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி என்று வரவேண்டும், அவ்வளவுதான். முதலில் லூப்புக்குள், பட்டனை அமத்தினால் எது ஓடவேண்டும் என்று சொல்கிற கமாண்டுக்கு, நான் எழுதிய காட்டு ஃபங்ஷனைக் காட்டு(குளம்) என்று கொடுத்தேன், ஓடவிட்ட உடனேயே நான்கு குளமும் தானாக வந்து போனது, பிறகு அமத்தினால் ஒன்றுமில்லை. யூடியூப்பில் பார்த்து, லாம்டா என்கிற பெயரில்லாத ஒருவரி ஃபங்ஷனாக, லாம்டா: காட்டு(குளம்) என்று மாற்றினேன். இப்போது எதை அமத்தினாலும் முத்தையன்கட்டு! சிறுபோகக் கூட்டத்துக்கு முன் முடிக்கவேண்டும்.

முறிகண்டிக் கச்சான்:
தம்பி, முதலாவதில் அடைப்புக்குறி போட்டதால் ஃபங்ஷனை அந்த இடத்திலேயே கூப்பிட்டுவிட்டீர், பட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் நன் (None), அதாவது ஒன்றுமில்லை. லாம்டா போட்டது சரிதான், ஆனால் அது குளத்தின் பெயரைப் பிடித்து வைத்திருப்பதில்லை, மாறியைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. சங்கக்கடைப் பலகையில் இருக்கிற விலையைத் துண்டில் எழுதாமல் 'பலகையைப் பார்' என்று எழுதிக்கொண்டு போனமாதிரி. நீர் பட்டனை அமத்தும் நேரம் லூப் முடிந்து பலகையில் கடைசிப் பெயர்தான் இருக்கும். இப்படி எழுதிப் பாரும்:

லாம்டா கு=குளம்: காட்டு(கு)

இந்தச் சமன் குறிக்குப் பின்னால் இருப்பது லாம்டா உருவாகும்போதே கணிக்கப்படும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தன் குளம். மாறிக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறீர், நல்லது, பைதன் 3 அதை ஏற்கும்.

பாலைமரம்:
இது பைதனின் குறும்பு மட்டுமில்லை. ஜாவாஸ்கிரிப்டில் மாறிக்கு வார் (var) போட்ட லூப்பிலும் இதே கூத்துத்தான், 2015இல் லெட் (let) வந்த பிறகுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி கிடைத்தது. 2014இல் லாம்டாவைக் கொண்டுவந்த ஜாவா 8 கொஞ்சம் கண்டிப்பு, மதிப்பு மாறுகிற உள்ளூர் மாறியை லாம்டாவுக்குள் தொட்டால் கம்பைல் ஆகவே விடாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆனால் ஒன்று, காட்டு ஃபங்ஷனுக்குள் இருப்பதையும் தூக்கி லாம்டாவுக்குள் அடைக்க வெளிக்கிடாதேயும். பிழை வந்தால், அது எங்கே வந்தது என்று காட்டுகிற ட்ரேஸ்பேக்கில் லாம்டா என்று மட்டும்தான் நிற்கும், எந்த லாம்டா என்று வரி எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடவேண்டும். நான் ஒருமுறை ஒரே வரியில் மூன்று எழுதிவிட்டு விடிய விடிய இருந்தேன். பட்டனுக்கு, எதை வைத்துச் சோர்ட் பண்ணுவது என்று சொல்கிற கீக்கு, அப்படி ஒருவரிச் சின்ன வேலைக்கு லாம்டா போதும், மிச்சத்துக்கு டெஃப் (def) போட்டு ஃபங்ஷனாக எழுதிப் பெயர் வையும்.

குளக்கட்டு:
கச்சான் அண்ணா, வேலை செய்யுது! இரணைமடுவை அமத்தினால் இரணைமடுவே வருகிறது. ஆனால் அக்கராயனுக்கு அடிக்குப் பதிலாக நன் என்று நிற்கிறது, காட்டுவுக்குள் ரிட்டேர்ன் விட்டுவிட்டேன் போல, பார்த்துவிட்டு வருகிறேன்.

முறிகண்டிக் கச்சான்:
ரிட்டேர்ன் இல்லையென்றால் நான்குக்கும் நன் வரவேண்டும் தம்பி. குளப் பெயருக்கு நேரே மட்டம் எழுதி வைக்கிற டிக்‌ஷனரியில் அக்கராயனுக்கு மட்டம் போட்டீரா?