நிறுவப்படாத பகா எண்ணுக்குக் கலைச்சொல்: 'கருதுபகா எண்'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பகா எண்ணாகவே இருக்கும் என்று சோதனைகள் காட்டியும் இன்னும் நிறுவப்படாமல் நிற்கும் பேரெண்ணை (ஆங்கிலத்தில் probable prime) 'நிகழ்தகவுப் பகா எண்' என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஓர் எண் பகும், அல்லது பகாது. அதில் தற்செயலுக்கு இடமே இல்லை. உறுதியின்மை முழுவதும் நம் அறிவைச் சார்ந்தது; கலைச்சொல்லும் அதையே சுட்ட வேண்டும்.

1 என்னும் இலக்கம் மட்டுமே 49,081 முறை அடுத்தடுத்து வரும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களின் எண்ணிக்கை பகு எண்ணானால் இவ்வகை எண்ணும் பகுந்துவிடும். ஆறு ஒன்றுகளைக் கொண்ட 111111, 11 ஆலும் 111 ஆலும் மீதியின்றி வகுபடுவதைப் பாருங்கள். 49,081 பகா எண் என்பதால் அந்த எளிய வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. 1999 இல் சோதனைகளில் தேறிய இவ்வெண், நீள்வட்ட வளைவரைகளைப் பயன்படுத்தும் முறையால் 2022 இல்தான் பகா எண் என்று நிறுவப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எண்ணில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அதைப் பற்றி நாம் சொல்லத்தக்கது மட்டுமே மாறியது.

'போலிப் பகா எண்' என்பதும் இங்குப் பொருந்தாது. 2 இன் பத்தாம் அடுக்காகிய 1024 ஐ 341 ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2 இன் 340 ஆம் அடுக்கை 341 ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். 2 அல்லாத எந்தப் பகா எண்ணாலும், அதைவிட ஒன்று குறைந்த 2 இன் அடுக்கை வகுத்தால் மீதி 1 வரும் என்பது பெர்மாவின் தேற்றம்; 341 உம் அதே விடையைத் தருகிறது. ஆனால் 341 என்பது 11 × 31. பகு எண் என்று அறியப்பட்ட இத்தகையவற்றுக்கே 'போலி' உரியது. நிறுவப்படாத எண்ணைப் போலி என்பது விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதுவதாகும்.

எனவே 'கருதுபகா எண்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். கருதுகோள் நமக்குப் பழகிய சொல் என்பதால் இதன் பொருள் உடனே விளங்கும். வினைத்தொகையாகையால் நேற்றுக் கருதியதையும் இன்று கருதுவதையும் ஒருசேரத் தாங்கும். 'ஐயப் பகா எண்' என்பதில் அவநம்பிக்கை தொனிக்கிறது. இவ்வெண்களுக்கான சான்றோ மிக வலுவானது.

சில பேரெண்களுக்கு இச்சொல் நெடுங்காலம் தேவைப்படாது. 39 இலக்கங்கள் கொண்ட 2^127 − 1 உடன் 1 ஐக் கூட்டினால் 2 இன் தூய அடுக்கு கிடைக்கிறது. அந்த அமைப்பைப் பயன்படுத்தித்தான் கணினியே இல்லாத 1876 இல் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா அதைப் பகா எண் என்று நிறுவினார். அதே வகையைச் சேர்ந்த 2^136279841 − 1, அதாவது 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் கொண்ட எண், 2024 அக்டோபரில் முதலில் கருதுபகா எண்ணாகவே தென்பட்டு, மறுநாள் இவ்வகை எண்களுக்கே உரிய லூக்கா-லெமர் சோதனையால் பகா எண் என்று உறுதியானது.

இலங்கையில் 'முதன்மை எண்' என்பதே பாடநூல் வழக்கு. அங்கே 'கருதுமுதன்மை எண்' என்பது இயல்பாக ஒலிக்குமா என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் தெரிவித்தால், இரு வடிவங்களையும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.