பொன்னியின் செல்வன் முடித்தவருக்கு அடுத்து என்ன கொடுப்பது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளை நூலகர், டெல்டா மாவட்டம்

"அஞ்சு பாகமும் முடிச்சாச்சு சார். அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க."

இரவல் மேசையில் இது அடிக்கடி வரும் கேள்வி. கேட்டதும் கை தானாகச் சரித்திர நாவல் அடுக்குக்குப் போகும். அப்படி எடுத்துக் கொடுத்த புத்தகங்கள்தான் அதிகமாக, நாற்பதாம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு செருகியபடி திரும்பி வருகின்றன. "அதே மாதிரி" என்றவர் சோழர் கதையைத்தான் கேட்கிறார் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம்.

புத்தகத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி போதும்: "எந்த இடத்துல புத்தகத்தைக் கீழ வைக்க முடியாமப் போச்சு?"

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், நாவலுக்குள் போக நான்கு வாசல் உண்டு என்பார்: கதை, பாத்திரம், இடம், மொழி. ஒரு நாவலில் ஒரு வாசல் அகலமாக இருக்கும், மற்றது குறுகலாக இருக்கும். கல்கியின் இந்த நாவலில் நான்குமே அகலம். அதனால் அதை முடித்தவர் எந்த வாசல் வழியாகப் போனார் என்று நாமாக ஊகிக்க முடியாது, கேட்டே ஆகவேண்டும்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் 'உடையார்' நாவல் வேண்டும் என்று வந்தார். கேள்வியைப் போட்டதும், "கடம்பூர் மாளிகையில ராத்திரி சதி பேசுறாங்களே, வந்தியத்தேவன் ஒளிஞ்சு நின்னு கேக்குறானே, அங்க" என்றார். அடுத்து, பழுவேட்டரையர் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பிக்கும் இடங்கள். ராஜராஜன் பெயரையே அவர் எடுக்கவில்லை. இது கதை வாசல். பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம். பெரிய கோயில் எழும்புவதை நிதானமாக, கல் கல்லாகச் சொல்வது. இவருக்கு முதல் பாகமே நகராது. சுஜாதாவின் 'ரத்தம் ஒரே நிறம்' போனது. 1857 சிப்பாய்ப் புரட்சிக் காலம், சிறு அத்தியாயங்கள், நிற்காத ஓட்டம். திருப்பிக் கொடுக்க வந்தபோது சரித்திர அடுக்குப் பக்கமே போகாமல் அதே ஆசிரியரின் 'கொலையுதிர் கால'த்தை எடுத்துக்கொண்டார்.

நந்தினியைப் பற்றியே பேசுகிறவர் பாத்திர வாசல். அவருக்கு தி. ஜானகிராமன் சரியாக அமையும். ஆனால் 'அம்மா வந்தாள்' எதைப் பற்றியது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தாயின் திருமணத்துக்கு வெளியே உள்ள உறவை மகன் அறிவதுதான் அதன் மையம். தெரியாமல் எடுத்துப் போய் வீட்டில் சங்கடப்பட்டவர்கள் உண்டு. தயங்குகிறவருக்கு 'மோகமுள்'.

வீராணம் ஏரியையும் கோடிக்கரையையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இட வாசல். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' மூன்றையும் மேசையில் வையுங்கள். கரிசல், நீலகிரி, கன்னியாகுமரிக் கடற்கரை. எந்த ஊர் என்று அவரே எடுத்துக்கொள்வார்.

நிஜமாகவே அரசர் கதைதான் வேண்டும் என்றால் 'சிவகாமியின் சபதம்', பிறகு 'பார்த்திபன் கனவு'. எழுதப்பட்ட வரிசை தலைகீழ், கதைக்காலம் இந்த வரிசை. சபதத்தின் முடிவு கனமானது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்தியத்தேவன் சிரிப்பை எதிர்பார்த்துப் போகிறவர் நான்காம் பாகத்தில் வாடிப்போவார்.

புத்தகக் கண்காட்சி அரங்க விற்பனையாளர்

நூலகர் சார் சொன்னதோடு பதிப்பு விஷயத்தையும் சேர்க்க வேண்டும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடவும் செய்கிறார்கள். முழுப் பதிப்புக்குப் பக்கத்திலேயே சுருக்கப் பதிப்பும் கிடக்கும். 'சுருக்கம்' என்ற சொல் சில அட்டைகளில் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். "பொன்னியின் செல்வன் படிச்சேன், அப்படி ஒண்ணும் பெரிசா இல்லையே" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். பல நேரம் சுருக்கம்தான்.

பார்க்கும் வழி எளிது. பொருளடக்கத்தைத் திறந்து அத்தியாயங்களை எண்ணுங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. மொத்தம் 293. குறைந்தால் வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது கட்டு. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகப் போட்ட மலிவுப் பதிப்பு விலையில் இழுக்கும். எழுத்து பொடியாக இருக்கும், பசைக்கட்டு விரித்தால் நிற்காது, நடுப்பக்கத்தில் உள்ளோர வரிகள் மடிப்புக்குள் போய்விடும். அறுபது தாண்டியவருக்கு, கண்புரை அறுவை செய்துகொண்டவருக்கு, மணிக்கட்டு வலி உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. தனித்தனிப் பாகமாக வாங்கச் சொல்லுங்கள். முதல் பாகத்தை மட்டும் வாங்கிப் போய் முடித்துவிட்டு வந்தாலும் நஷ்டம் இல்லை.

கண்காட்சிக் கூட்டத்தில் ஒரு வாசகருக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதில் கேட்க வேண்டியது பிடித்த புத்தகத்தை இல்லை, பாதியில் விட்ட புத்தகத்தை. பிடித்தது என்று கேட்டால், சொன்னால் மதிப்பு கூடும் என்று தோன்றுகிற பெயர் வரும். விட்டது எது, எந்த இடத்தில் என்றால் உண்மை வரும். "காவல் கோட்டம் ஆரம்பிச்சேன், யார் யாருன்னே புரியல" என்றால், அவருக்கு ஒற்றை நாயகன் வேண்டும். பல நூற்றாண்டு, பல தலைமுறை என்று விரியும் நாவல் இப்போதைக்கு வேண்டாம். "கடல் புறா வர்ணனையிலயே நின்னுட்டேன்" என்றால் சாண்டில்யன் வரிசையை முழுதாகத் தவிர்க்கலாம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்று கேட்டு வரும் பெற்றோரிடமும் சாண்டில்யனை நீட்டாதீர்கள். கடற்போர் அருமைதான், சிருங்கார வர்ணனை பக்கம் பக்கமாக வரும்.

திரைப்படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'அசுரன்' பார்த்துவிட்டு பூமணியின் 'வெக்கை' கேட்பார்கள். நாவல் சிறியது, பதினைந்து வயதுப் பையனும் அப்பனும் காட்டில் ஒளிந்து திரியும் எட்டு நாள். படத்தில் உள்ள அளவுக்கு விரிந்த பின்கதையை அதில் தேடக்கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்தால் ரசித்துப் படிக்கிறார்கள், சொல்லாவிட்டால் "பாதிக் கதை இல்லை" என்கிறார்கள்.

வாசகர் வட்ட ஒருங்கிணைப்பாளர், மதுரை

ரசனை பொருந்தினாலும் நேரம் பொருந்தாவிட்டால் புத்தகம் நின்றுவிடும். யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

புதிதாக வருகிறவரிடம் பத்து நிமிடம் படிக்கச் சொல்லி எத்தனை பக்கம் ஓடியது என்று பாருங்கள். ஐந்து பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பக்க நாவலுக்கு 4,000 நிமிடம். தினம் அரை மணி நேரம் என்றால் 133 நாள், நாலரை மாதம். இதை முன்பே சொன்னால் ஆள் மலைக்கமாட்டார், மாறாகத் தன் வேகத்தில் நிம்மதியாகப் படிப்பார். சொல்லாவிட்டால் மூன்றாம் வாரம், "எனக்கெல்லாம் படிப்பு வராதுங்க" என்று விலகிவிடுவார். வேலை நாளில் பேருந்தில் மட்டும் படிக்கிறவருக்கு நாவலே வேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கச் சிறுகதைகள் கொடுங்கள், ஏறி இறங்குவதற்குள் ஒன்று முடியும். சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' இதற்கு நல்ல தொடக்கம்.

தடித்த நாவலை முடித்த களைப்பில் இருப்பவருக்கு ஒல்லியான ஒன்று. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒரே உட்காரலில் முடியும். ஒரே ஜல்லிக்கட்டு, காரி என்ற காளை, பிச்சி என்ற இளைஞன், அவ்வளவுதான். ஆனால் முன்பகுதி முழுக்கப் பேச்சு, அதுவும் மதுரைப் பக்கப் பேச்சு. மாடு இன்னும் வாடிக்குள்தான் இருக்கிறது. அங்கே சலிக்கிறவர் உண்டு. "காரி வெளிய வர்ற வரைக்கும் பொறுங்க" என்று சொன்னால் போதும்.

வட்டார வழக்குக்குப் பயந்து விடுகிறவர்களுக்கு நன்றாக வேலை செய்கிற வழி ஒன்று உண்டு. முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது யாராவது படிக்கக் கேட்கட்டும். கண் தடுக்குகிற சொல்லைக் காது பிடித்துக்கொள்ளும். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' எங்கள் வட்டத்தில் இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாம் முறை சத்தமாகப் படித்துத் தொடங்கியபோதுதான் நகர்ந்தது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை, இரண்டாம் உலகப் போர், கப்பல், சாகசம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது மொழி வாசல் நாவல். சுமத்ராவின் மெடான் நகரில் நடக்கும் காட்சிக்கு நடுவே மதுரைத் தெருக்கள் நினைவாகப் பாயும், மலாய்ச் சொற்கள் அப்படியே வரும். சாகசம் தேடிப் போகிறவர் தொடக்கத்திலேயே வழி தவறிவிடுவார். கல்கியின் நடையை ருசித்து, "இந்த வரியைப் பாருங்க" என்று வாசித்துக் காட்டுகிறவர் யாரோ அவரிடம் கொடுங்கள். வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வார்.

கிளை நூலகர், டெல்டா மாவட்டம்

மதுரை நண்பர் நேரத்தைச் சொன்னார். வீட்டு நிலைமையும் கேட்கத் தக்கது. இமையத்தின் 'செல்லாத பணம்' சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, எல்லாரும் கேட்கிறார்கள். தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் ஒரு குடும்பம்தான் நாவல். வீட்டில் யாரையாவது மருத்துவமனையில் வைத்துக்கொண்டு பொழுதுபோகப் புத்தகம் தேடி வருகிறவரிடம் அதை நீட்டிவிடாதீர்கள். "இப்ப வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று சாதாரணமாகக் கேட்டாலே தெரிந்துவிடும். அந்த நாளுக்கு தேவனின் 'துப்பறியும் சாம்பு' இருக்கவே இருக்கிறது.

பள்ளி நூலகப் பொறுப்பாசிரியை, கோவை

பிள்ளைகளுக்கு "பொன்னியின் செல்வன் படிக்கணும், எது முதல்ல?" என்று கேட்டு வரும் பெற்றோர் அதிகம். ஆங்கில வழியில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாத உயரம், அறிவு குறைவதால் இல்லை. அவள் பேசுவது "போயிட்டான்". பக்கத்தில் இருப்பது "போய்விட்டான்". தெரிந்த சொல்லே அச்சில் வேற்று முகம் காட்டுகிறது.

ஐந்து விரல் சோதனை எல்லாருக்கும் தெரியும்: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் கடினம். தமிழில் அதை இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். பிள்ளை தடுக்கும் சொல்லை நீங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். கேட்டதும் பொருள் புரிந்தால் அது எழுத்துப் பழக்கக் குறை, விரல் மடக்க வேண்டாம். கேட்டும் புரியாவிட்டால்தான் மடக்குங்கள். முதல் வகைத் தடுமாற்றம் நாலைந்து வாரத் தொடர் வாசிப்பில் குறைந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து மழலைப் புத்தகத்துக்கு இறக்கினால் பிள்ளைக்கு அவமானமாகிவிடுகிறது.

இந்த இடைவெளிக்குப் பாலமாக நன்றாக நிற்பவை காமிக்ஸ். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் உரையாடல்தான் அதிகம், ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று வரி, படம் பொருளைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்காகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள், 'மீண்டும் ஜீனோ'வையும் கேட்டு வாங்குகிறார்கள். அதற்கடுத்து 'பார்த்திபன் கனவு'. அதை முடித்த பிள்ளைக்கு ஐந்து பாகம் ஒரு பொருட்டே இல்லை.

வாசகர், யாழ்ப்பாணம்

தமிழகத்து நண்பர்கள் "ஈழத்து எழுத்தில எதைத் தொடங்குறது" என்று கேட்கிறவை. உடனே கே. டானியலின் 'பஞ்சமர்' என்று சொல்லிப் போடுறம். முக்கியமான நாவல், ஆனால் யாழ்ப்பாணப் பேச்சு வழக்குப் பழகாதவருக்கு முதல் அடியே சறுக்கும். அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளில தொடங்கட்டும், நடை தெளிவு. பிறகு செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. நெடுந்தீவுக் கடற்கரை, மீன்பிடி வாடி, சின்ன நாவல். இட வாசலால வாறவருக்கு அது கட்டாயம் பிடிக்கும். டானியல் மூன்றாவதாக வரட்டும்.

லெண்டிங் லைப்ரரி நடத்துபவர், திருச்சி

ரமணிசந்திரன் படிக்கிற அம்மாக்களை "நல்ல" இலக்கியத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று சிலர் முனைப்பாக இருக்கிறார்கள். வேண்டாம். அவர்கள் தேடுவது மனசு ஆறுகிற முடிவும் பேச்சில் ஓடுகிற குடும்பக் கதையும். அது கிடைக்காத புத்தகத்தை எவ்வளவு புகழ்ந்து கொடுத்தாலும் மறுநாளே வரும், அதோடு அந்த அம்மா நம்மிடம் கேட்பதையும் நிறுத்திவிடுவார். லக்ஷ்மி, அனுத்தமா என்று அதே தெருவில் அடுத்த வீட்டுக்குப் போகலாம். அவர்களாகவே "கொஞ்சம் வேற மாதிரி" என்று கேட்கிற நாள் வந்தால் ஆர். சூடாமணியின் சிறுகதைகள் இருக்கின்றன.

இன்னொரு நடைமுறை. ஒவ்வொரு உறுப்பினர் அட்டையின் பின்பக்கத்திலும் பென்சிலால் இரண்டே விஷயம் எழுதி வைக்கலாம்: முடித்த புத்தகம், விட்ட புத்தகம். விட்டதன் பக்கத்தில் பக்க எண். திருப்பித் தரும்போது "ஏன் படிக்கல" என்று கேட்டால் முகம் சுருங்கும். "எதுவரைக்கும் போச்சு" என்று கேட்டால் எண்ணைச் சொல்வார்கள். பத்துப் பக்கத்துக்குள் நின்றிருந்தால் பெரும்பாலும் மொழி இடிக்கிறது. முப்பது, நாற்பதில் நின்றால் பாத்திரங்கள் குழம்பியிருக்கும். முக்கால் தாண்டி நின்றால் வீட்டில் ஏதோ வேலை வந்திருக்கிறது, புத்தகத்தில் குறை இல்லை. அதை வாங்கி அடுக்காமல், இன்னும் பதினைந்து நாள் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.